மாடித்தோட்டத்துக்கு எந்த போர்டு?

கேள்வி: மாடியில் தொட்டி மண் காய்ந்தால் போனுக்குச் செய்தி வருகிற மாதிரி ஒரு சின்னக் கருவி செய்ய ஆசை. மாடியில் பிளக் பாயின்ட் கிடையாது, பேட்டரிதான். புரோகிராம் போட்டு ஓட்டும் குட்டி போர்டுகளில் ஆர்டுயினோ நானோ, ராஸ்ப்பெரி பை பைக்கோ, இஎஸ்பி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது?
கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: பிளக் பாயின்ட் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இதில் முக்கியமான தகவல். போர்டு வாங்கும்போது பலரும் மெகாஹெர்ட்ஸையும் மெமரியையும்தான் ஒப்பிடுகிறார்கள். மணிக்கு ஒரு தடவை மண் ஈரம் பார்ப்பதற்கு நானோவின் 16 மெகாஹெர்ட்ஸே தாராளம். நீங்கள் பார்க்க வேண்டியது, வேலை இல்லாத நேரத்தில் போர்டு எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்பதைத்தான்.

இஎஸ்பி வகையில் வைஃபை உள்ள இஎஸ்பி32-சி3 சிப்பை டீப் ஸ்லீப்பில், அதாவது ஆழ்ந்த தூக்க நிலையில் போட்டால் சுமார் 5 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் சிப் தூங்கினாலும் போர்டு தூங்காது. பல போர்டுகளில் பவர் எல்இடி அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். வோல்டேஜைச் சீராக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் இருந்தால் அது மட்டுமே சுமார் 5 மில்லிஆம்பியர் எடுக்கும். 2500 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள 18650 வகை லித்தியம் செல் ஒன்றைப் போட்டால், அந்த ரெகுலேட்டர் ஒன்றே 20 நாளில் காலி செய்துவிடும். அதனால் சிப்பின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மொத்த போர்டின் ஸ்லீப் கரன்ட் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள்.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது ஸீட் ஸ்டுடியோவின் ஷியாவ் இஎஸ்பி32-சி3 போர்டு. சுமார் 21 × 17.5 மில்லிமீட்டர், தபால்தலை அளவுதான். டீப் ஸ்லீப்பில் முழு போர்டுக்கும் 44 மைக்ரோஆம்பியர் என்று தயாரிப்பாளரே கொடுத்திருக்கிறார்கள். லித்தியம் செல்லை சார்ஜ் செய்யும் சர்க்யூட்டும் அதிலேயே இருக்கிறது. செல்லை போர்டின் அடிப்பக்கத்தில் சால்டர் செய்ய வேண்டும். பிளஸ், மைனஸை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டு வையுங்கள். கூடவே வரும் ஆன்டெனாவைக் கட்டாயம் மாட்டுங்கள், இல்லாவிட்டால் மாடியிலிருந்து சிக்னல் எட்டாது. இந்தச் சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும், ரவுட்டரில் அது ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மண் ஈரம் பார்க்கும் சென்சாரில், உலோகம் நேரடியாக மண்ணில் படாத கெபாசிட்டிவ் வகையை வாங்குங்கள். இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மலிவான வகை ஈர மண்ணில் அரித்துப்போகும். சென்சாருக்கான பவரை ஒரு அவுட்புட் பின்னிலிருந்து கொடுத்து, அளந்து முடித்ததும் அணைத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் போர்டு மிச்சம் பிடித்த கரன்ட்டை சென்சார் தின்றுவிடும்.

ராஸ்ப்பெரி பை பைக்கோ எனக்கு மிகவும் பிடித்த போர்டு. 2021-இல் வந்தது, 264 கேபி ரேம், இந்த மாதிரி போர்டுகளுக்கான பைத்தான் மொழியான மைக்ரோபைத்தான் கற்க அருமையானது. ஆனால் சாதாரணப் பைக்கோவில் வைஃபை இல்லை, தூக்கத்திலும் சி3 அளவுக்குச் சிக்கனமில்லை. வீட்டுக்குள் யுஎஸ்பி சார்ஜரில் ஓடும் வேலை வந்தால் அப்போது யோசிக்காமல் வைஃபை உள்ள பைக்கோ டபிள்யூ வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய நானோ குளோனில் (ஆர்டுயினோ நானோவின் நகல் போர்டு) புரோகிராம் ஏறவே மாட்டேன் என்கிறது. போர்டு பழுதா?
பள்ளி ஆசிரியர், காரைக்குடி

பதில்: பழுது என்று முடிவு செய்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள் சார். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் டேட்டா கம்பி இருக்காது. அப்புறம், குளோன்களில் யுஎஸ்பி இணைப்புக்குப் பெரும்பாலும் சிஎச்340 சிப் இருக்கும், விண்டோஸில் அதற்கு டிரைவர் போட வேண்டியிருக்கலாம். கம்ப்யூட்டரில் யுஎஸ்பி போர்ட் தெரிந்தும் புரோகிராம் ஏறவில்லை என்றால், ஆர்டுயினோ மென்பொருளில் டூல்ஸ் மெனுவுக்குப் போய் புராசஸர் என்ற இடத்தில் 'ஓல்டு பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.