பாசி எடுக்கப் போய் வீங்கிய காலுக்கு ஜிம் பவுடர் கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் மண்டபம் பக்கம். அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர், வயது 54, சுகர் இருக்கிறது. நாலு நாள் முன்பு பாறை கீறிப் பாதம் வீங்கிவிட்டது. சிவந்து சூடாக இருக்கிறது, ஆனால் வலி அவ்வளவாக இல்லை என்கிறார். வீக்கத்துக்குக் காரணமே நைட்ரிக் ஆக்சைடுதான் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். இன்னொன்றில் அது ரத்த ஓட்டத்தைக் கூட்டிப் புண்ணை ஆற்றும் என்கிறார்கள். ஜிம்முக்கு நான் வாங்கி வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடு பவுடரை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. முதலில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள், மீதியை பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கலாம். சுகர் உள்ளவருக்கு நாலு நாளாகக் கால் வீங்கிச் சுடுகிறது, வலி மட்டும் இல்லை என்றால் அதை நல்ல சேதியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியாது. பாதத்து நரம்பு மரத்துப் போயிருக்கலாம்.

சரி, வீடியோ விஷயம். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை. ரத்தக்குழாயின் உள்சுவர் எந்நேரமும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நைட்ரிக் ஆக்சைடு வாயுவைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. சில நொடிகளில் அது காணாமல் போய்விடும், அதற்குள் குழாயைத் தளர்த்தி விரிக்கும் (இந்த வேலையைக் கண்டறிந்ததற்குத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு), கூடவே வெள்ளணுக்கள் தேவையில்லாமல் சுவரில் ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும்.

காயம் பட்டதும் நிலைமை மாறுகிறது. அந்த இடத்துக் குழாய்ச் சுவரில் செலக்டின் என்ற புரதங்கள் தலைநீட்டும். ரத்தத்தோடு வேகமாகப் போய்க்கொண்டிருந்த வெள்ளணு அதில் பட்டு, விசை குறைத்துத் துறையில் அணையும் படகு மாதிரி மெல்ல உருண்டு, ஒட்டி நின்று, அப்புறம் செல்களின் இடுக்கு வழியாக நெளிந்து வெளியேறிப் புண்ணுக்குப் போகும். வெள்ளணுக்களில் முதலில் போவது நியூட்ரோஃபில் என்ற வகை, பின்னால் மேக்ரோஃபேஜ் என்ற வகை. அழற்சி வந்த இடத்துச் செல்களில் வேறொரு நொதி கிளம்பி, இதே நைட்ரிக் ஆக்சைடை மணிக்கணக்கில், நாள்கணக்கில் நிறையக் கொட்டும். எலியின் மேக்ரோஃபேஜில் இது பிரமாதமாகத் தெரியும், ஆய்வகத்தில் மனித செல்களில் அந்த அளவுக்கு இல்லை, வீடியோக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அந்த நைட்ரிக் ஆக்சைடு, சூப்பராக்சைடு என்ற வீரியமான ஆக்சிஜன் வடிவத்தோடு சேர்ந்து பெராக்ஸிநைட்ரைட் என்ற வேதிப்பொருள் ஆனால் கிருமியும் சாகும், நம் சதையும் கெடும்.

அப்படியானால் நைட்ரிக் ஆக்சைடு சுரக்காமல் அடைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். ரத்தத்தில் கிருமி பரவி பிரஷர் விழுந்த நோயாளிகளுக்கு, இதன் உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிரஷர் ஏறியது, ஆனால் சாவும் கூடியது, ஆய்வை நிறுத்திவிட்டார்கள். கூட்டினால்? ஜிம் பவுடர்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்ஜினின் அல்லது அதன் உறவுக்காரரான சிட்ருலின். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆர்ஜினின் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2006இல் வெளியானது. இதயத்துக்குப் பலன் இல்லை, எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், எடுக்காத பிரிவில் ஒருவரும் இல்லை, அதையும் பாதியில் நிறுத்தினார்கள். அம்மா பிரஷர் மாத்திரையோ நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட்டோ சாப்பிடுகிறவராக இருந்தால், பவுடர் பிரஷரை இன்னும் இறக்கிவிடலாம். முருங்கைக்கீரை, பீட்ரூட் தாராளமாகச் சாப்பிடட்டும், அது சாப்பாடு.

அம்மாவின் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. சுகர் ஏறிக் கிடந்தால் குழாய்ச் சுவர் தயாரிக்கும் அந்தக் கொஞ்ச நைட்ரிக் ஆக்சைடும் குறையும், நியூட்ரோஃபிலும் மந்தமாகும். சுகரை இறக்கினால்தான் இரண்டும் தேறும், தேவைப்பட்டால் சில நாள் இன்சுலின் போடுவார்கள், பயப்பட வேண்டாம்.

டாக்டரிடம் "கடல் தண்ணீரில் பட்ட காயம்" என்று மறக்காமல் சொல்லுங்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் உண்டு, சுகரும் கல்லீரல் கோளாறும் உள்ளவர்களை அவை மோசமாகத் தாக்கும், ஆன்டிபயாடிக்கும் அதற்கேற்ப மாறும். டெட்டனஸுக்கான டிடி ஊசி போட்டு எவ்வளவு காலமாயிற்று என்பதையும் சொல்லுங்கள். கொப்புளம், தோல் கறுப்பது, சிவப்பு மேலே ஏறுவது, காய்ச்சல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நிற்காமல் நேராக ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம், கிட்னிக்கு ஆகாது.

புண் முழுசாக மூடும்வரை கடலில் இறங்கக் கூடாது. அப்புறம் இறங்கும்போது வார்ச் செருப்பு போதாது, விரலையும் மூடும் ரப்பர் ஷூ வேண்டும், கரையேறியதும் விரல் இடுக்கு வரை நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள், அவருக்குக் குத்தினாலும் தெரியாது.