கெரடோகோனஸ் கண்ணுக்கு எந்த லென்ஸ்? கேள்வி பதில்

சிங்கப்பூரில் லென்ஸ் பொருத்தும் வேலையில் இருக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பார்வைப் பரிசோதகர் நான். கெரடோகோனஸ் உள்ளவர்களுக்கு அளவெடுத்துச் செய்யும் லென்ஸ்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் இடம். உங்கள் கண்ணை நேரில் பார்க்காமல் சொல்லும் பதில்கள் இவை. அதற்குத் தகுந்தபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு 15 வயது. கெரடோகோனஸ் என்று சொல்லிவிட்டார்கள். ஹார்டு லென்ஸ் போட்டால் கூம்பு அமுங்கி, நோய் நின்றுவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா மேடம்?

இல்லை அம்மா. லென்ஸ் பார்வையைத் தெளிவாக்கும், நோயை நிறுத்தாது. கருவிழி மெலிந்து முன்பக்கம் கூம்பாகப் புடைப்பதுதான் இந்த நோய். லென்ஸைக் கொண்டு அழுத்தினால் அது திரும்பிப் போகாது. இறுக்கமாக அழுத்தும் லென்ஸ் கூம்பின் நுனியில் தழும்பை உண்டாக்கிவிடவும் கூடும்.

நோயை நிறுத்தப் பார்ப்பது கிராஸ்லிங்கிங். ரிபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2 சொட்டு மருந்தைக் கருவிழியில் ஊறவிட்டு, அதன்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுவார்கள். கருவிழியின் இழைகள் தமக்குள் இறுகி வலுப்பெறும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான முறை இது, 2003இல் அதன் முதல் முடிவுகள் வெளிவந்தன. 15 வயதில் நோய் வேகமாக ஓடக்கூடும். அதனால் லென்ஸ் கடைக்குப் போகும் முன் கருவிழி மருத்துவரைப் பாருங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை டோப்போகிராபி, அதாவது கருவிழியின் வளைவைக் காட்டும் படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பையன் கண்ணைக் கசக்குகிறானா என்று கவனியுங்கள். அலர்ஜி இருந்தால் அதற்குச் சொட்டு மருந்து வாங்கி அரிப்பை அடக்குங்கள். முகத்தைக் கையில் அழுத்திக்கொண்டு குப்புறப் படுப்பதும் நல்லதில்லை. திட்டினால் கேட்கிற வயதில்லை என்பது தெரியும், அரிப்பை நிறுத்தினால் கை தானாக நிற்கும்.

செங்காங்: கண்ணாடியிலேயே ஏன் சரியாகத் தெரிவதில்லை? சாஃப்ட் லென்ஸ் போதாதா?

கண்ணாடியால் ஒரே சீரான கோளாறைத்தான் சரிசெய்ய முடியும். கெரடோகோனஸில் கருவிழியின் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு வளைவில் இருக்கும். சாஃப்ட் லென்ஸ் அந்த மேடுபள்ளத்தின் மேலேயே படிந்து அதே வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. கடினமான லென்ஸ் தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காது. அதற்கும் கருவிழிக்கும் நடுவில் கண்ணீர் நிறைந்துவிடும். குண்டும் குழியுமான தரையில் தண்ணீர் தேங்கினால் மேற்பரப்பு சமமாகத் தெரியுமே, அதே கதைதான். ஒளிக்குக் கிடைப்பது லென்ஸின் வழவழப்பான முன்பக்கம்.

ஆரம்ப நிலையில் சாஃப்ட் டோரிக், அதாவது சிலிண்டர் பவர் உள்ள சாஃப்ட் லென்ஸ் போதும், தாராளமாகப் போடுங்கள். கெரடோகோனஸுக்கென்றே தடிமனாகச் செய்யும் சாஃப்ட் லென்ஸ்களும் உண்டு. கெராசாஃப்ட், நோவாகோன் அந்த வகை. ஹார்டு லென்ஸே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நல்ல வழி. தடிமன் கூடினால் உள்ளே போகும் ஆக்சிஜன் குறையும் என்பதால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

புங்கோல்: அக்கா, எல்லாரும் ஸ்கிளீரல் லென்ஸ்தான் பெஸ்ட் என்கிறார்கள். நேராக அதையே கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் முதல் லென்ஸாக எல்லாருக்கும் வெள்ளை விழியில் உட்காரும் பெரிய ஸ்கிளீரலைக் கொடுக்கிற இப்போதைய பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. கூம்பு சிறியதாகவும் நடுவிலும் இருந்தால், நியூசிலாந்தின் பால் ரோஸ் வடிவமைத்த ரோஸ் கே போன்ற சின்ன ஆர்ஜிபி (ஆக்சிஜன் புகும் ஹார்டு) லென்ஸ் அருமையான பார்வை தரும். மாட்டுவதும் கழற்றுவதும் நொடிப் பொழுது. விலையும் குறைவு. முதல் இரண்டு வாரம் உறுத்தும், பலருக்கு அப்புறம் பழகிவிடும்.

ஆர்ஜிபி பொருத்துவதில் சூட்சுமம் எங்கே என்றால், ஃபுளோரசின் சாயத்தை இட்டு நீல ஒளியில் பார்க்கும்போது கூம்பின் நுனியில் லென்ஸ் மெல்லத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். பாரம் சுற்றுப்புறத்துக்குப் பரவ வேண்டும். நுனியில் கறுப்பாக அழுந்தித் தெரிந்தால், பார்வை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அந்த லென்ஸைக் கொடுக்கக் கூடாது.

கூம்பு கீழே சரிந்திருந்தாலோ, ஆர்ஜிபி அடிக்கடி வழுக்கி விழுந்தாலோ, கண் வறண்டிருந்தாலோ ஸ்கிளீரல் பக்கம் போகலாம். அது கருவிழியைத் தொடாமல் தாண்டி, வெள்ளை விழியில் உட்காரும். பொதுவாக 15 முதல் 18 மில்லிமீட்டர் அகலம். உள்ளே சலைன், அதாவது உப்புக் கரைசல் நிரப்பித்தான் மாட்ட வேண்டும். கருவிழிக்கு மேலே ஏறக்குறைய 200 முதல் 300 மைக்ரான் இடைவெளி விடப் பார்ப்போம். போட்ட சில மணி நேரத்தில் லென்ஸ் கண்ணில் கொஞ்சம் அமிழ்ந்து இந்த இடைவெளி குறையும். அதனால்தான் மாட்டிய ஐந்து நிமிடத்தில் பார்த்து ஓகே சொல்பவர்களை நான் நம்புவதில்லை. போட்டுக்கொண்டு வெளியே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்கிறவரிடம் போங்கள்.

வெள்ளை விழி எல்லாப் பக்கமும் ஒரே வளைவில் இருக்காது. ஓரத்தில் ரத்த நாளம் வெளுத்துத் தெரிந்தால் அந்த இடம் இறுக்கம் என்று அர்த்தம். அப்போது ஓரத்தை இரண்டு திசையில் வெவ்வேறு வளைவாகச் செய்யச் சொல்வோம். மிகச் சிக்கலான கண்களுக்கு அச்சு எடுத்தோ, முழுக் கண்ணையும் ஸ்கேன் செய்தோ லென்ஸ் செய்யும் முறைகளும் வந்துவிட்டன.

இதைப் புத்தம் புதியது என்று நினைக்க வேண்டாம். 1888இல் அடால்ஃப் ஃபிக் என்ற கண் மருத்துவர் கண்ணாடியில் செய்து பார்த்த முதல் லென்ஸ்களே வெள்ளை விழியில் உட்காரும் வகைதான். கண் மூச்சுமுட்டிப் போகும் என்பதால் பல மணி நேரம் போட முடியவில்லை. ஆக்சிஜன் புகும் பொருளில் செய்யத் தொடங்கிய பிறகே திரும்பவும் உயிர்பெற்றது.

துவாஸ்: கப்பல் பட்டறையில் வேலை. ஆர்ஜிபி போட்டால் தூசி உள்ளே போய் உயிர் போகிறது. ஊருக்கு ஒரு மாத லீவில் போகிறேன். அங்கேயே ஸ்கிளீரல் போட்டுக்கொண்டு வரலாமா அக்கா?

தூசிக்கு ஸ்கிளீரல் உண்மையிலேயே நல்லது தம்பி, ஓரம் மூடியிருப்பதால் துகள் உள்ளே போவது அரிது. சென்னையில் சங்கர நேத்ராலயா, மதுரையில் அரவிந்த் என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. வேலை அனுமதியில் இருப்பவருக்கு இங்கே அரசு மானியம் கிடையாது என்பதால் உன் கணக்கு எனக்குப் புரிகிறது.

சிக்கல் காலம்தான். முதலில் சோதனை லென்ஸ், அப்புறம் ஆர்டர், வந்த பிறகு ஒரு திருத்தம், சிலருக்கு இரண்டு. அதனால் லீவின் முதல் நாளே போய் நில். ஊருக்குக் கிளம்பும் முன் ஆர்ஜிபியை எத்தனை நாள் கழற்றி வைக்க வேண்டும் என்று போனில் கேட்டுக்கொள். லென்ஸ் போட்ட கண்ணின் வடிவம் மாறியிருக்கும், அளவு தப்பாக வரும். திரும்பும்போது வளைவு, அகலம், உயரம், பவர், ஓர வடிவம், பொருள் எல்லாம் எழுதிய தாளை வாங்கிக்கொள். அந்தத் தாள் இருந்தால் இங்கே யாரும் தொடர்ந்து பார்க்க முடியும். இல்லாவிட்டால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பாதுகாப்புக் கண்ணாடியை மட்டும் கழற்றிவிடாதே. லென்ஸ் அதற்கு மாற்று இல்லை.

சாங்கி பிசினஸ் பார்க்: ஸ்கிளீரல் போட்டு மூன்று மணி நேரத்தில் பனிமூட்டம் மாதிரி ஆகிவிடுகிறது. ஏர்கானா காரணம்?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். லென்ஸைக் கழற்றாமல் சொட்டு மருந்து விட்டு நன்றாகக் கண் சிமிட்டுங்கள். தெளிந்தால் அழுக்கு முன்பக்கத்தில் இருக்கிறது. ஏர்கான், ஹேண்ட் கிரீம், முகத்தில் பூசும் கிரீம், இமையின் எண்ணெய்ச் சுரப்பி அடைப்பு எல்லாம் அதற்குக் காரணமாகும்.

தெளியவில்லை என்றால் மங்கல் உள்ளே, சலைனில் இருக்கிறது. கண்ணீரிலிருந்து கொழுப்பும் சளியும் ஓரம் வழியாகப் புகுந்து தேங்குகின்றன. பெரும்பாலும் பொருத்தத்தில்தான் குறை. உயரம் தேவைக்கு மேல் இருக்கும், அல்லது ஓரம் ஒரு பக்கம் தூக்கியிருக்கும். இதைப் பொருத்தியவரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள். அதுவரை மதியம் ஒருமுறை கழற்றி, கழுவி, புது சலைன் நிரப்பி மாட்டினால் சமாளிக்கலாம். அதையே வாழ்நாள் வழக்கமாக ஏற்கச் சொன்னால் ஏற்காதீர்கள்.

தோ பாயோ, 61 வயது அம்மா: கை நடுங்குகிறது. ஸ்கிளீரல் மாட்டும்போதெல்லாம் குமிழி வந்துவிடுகிறதும்மா.

மேசையில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து, அதன் மேல் குனியுங்கள் அம்மா. முகம் தரைக்கு நேராக, தாடை நெஞ்சைத் தொடுகிற அளவு. முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றினால் நடுக்கம் பாதி அடங்கும். லென்ஸை விளிம்பு வரை, சலைன் மேலே புடைத்து நிற்கும்படி நிரப்புங்கள். கண்ணில் பட்டதும் பயந்து நிறுத்துவதால்தான் குமிழி புகுகிறது, நிறுத்தாமல் மேலே தள்ளுங்கள்.

கழற்றும்போது பிளஞ்சரை (லென்ஸைப் பிடித்திழுக்கும் சின்ன ரப்பர் உறிஞ்சியை) லென்ஸின் நடுவில் ஒட்டாதீர்கள். கீழ் ஓரத்தில் ஒட்டி, வெளிப்பக்கம் நிமிர்த்தினால் காற்று புகுந்து தானாக வந்துவிடும். நடுவில் பிடித்து இழுத்தால் கண்ணையே சேர்த்து இழுக்கும்.

ஜூரோங்: சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரைக் குடிக்கிறோமே, லென்ஸ் கழுவினால் என்ன?

குடிக்கலாம், லென்ஸில் படக் கூடாது. அகந்தமீபா என்ற கிருமி குழாய்த் தண்ணீரிலும் குளத்திலும் வாழும். வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது, கருவிழியை மாதக்கணக்கில் அரிக்கும். நீச்சல், குளியல் இரண்டுக்கும் முன் கழற்றிவிடுங்கள். 2005, 2006 வாக்கில் இதே ஊரில் லென்ஸ் போடுபவர்களிடையே பியூசேரியம் பூஞ்சை பரவி எத்தனை கண்கள் கெட்டன என்பது பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஸ்கிளீரலை நிரப்புவதற்குப் பதப்படுத்தும் பொருள் கலக்காத, ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் சலைன்தான். பெரிய பாட்டிலைத் திறந்து வாரக்கணக்கில் ஓட்டாதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு சுத்தம் செய்பவர்கள், குறிப்பில் உள்ள நேரம் முடியும் வரை பொறுத்திருக்க வேண்டும். நேராகக் கண்ணில் பட்டால் துடித்துப்போவீர்கள்.

யீஷூன்: அடுத்த ஆண்டு தேசிய சேவை, கட்டாயப் படைச் சேவை. கெரடோகோனஸ் இருப்பதைச் சொல்லாமல் விட்டால் தெரியுமா அக்கா?

தெரியும். தெரியாவிட்டாலும் நஷ்டம் உனக்குத்தான். உடற்பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரின் கடிதம், டோப்போகிராபி படங்கள் எல்லாம் கொண்டு போ. தகுதி நிலையை அவர்கள் முடிவு செய்யட்டும். காட்டுக்குள் கை கழுவ வழியில்லாத இடத்தில் லென்ஸைத் தொடுவதுதான் பெரிய ஆபத்து. அரைகுறையாகத் தெரிந்தாலும் ஒரு கண்ணாடி செய்து பையில் வைத்திரு.

ஹைப்ரிட், பிக்கிபேக் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஹைப்ரிட் என்றால் நடுவில் கடினம், சுற்றிலும் சாஃப்ட். வசதியானது, ஆனால் சேரும் இடத்தில் கிழியும், அடிக்கடி மாற்றவும் வேண்டும். பிக்கிபேக் என்றால் அடியில் தினசரி சாஃப்ட் லென்ஸ், மேலே ஆர்ஜிபி. நல்ல ஆர்ஜிபி இருந்தும் உறுத்தல் தாங்காதவர்கள் முதலில் இதை முயன்று பாருங்கள்.

லாசிக், அதாவது பார்வையைச் சரிசெய்யும் லேசர் சிகிச்சை செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு: கூடாது. ஏற்கனவே மெலிந்த கருவிழியை இன்னும் மெலிய வைக்கும்.

பிடோக்: கிராஸ்லிங்கிங் முடிந்தது. பழைய லென்ஸையே போடலாமா? செலவு எப்படிப் பார்ப்பது?

மேல்தோல் ஆறி, மருத்துவர் அனுமதித்த பிறகுதான் எந்த லென்ஸும். பொதுவாக ஒரு மாதமாவது ஆகும். வடிவம் அதன் பின்னும் பல மாதங்கள் மெல்ல மாறும். அதனால் பழையது பொருந்துகிறதா என்று சோதித்த பிறகே போடுங்கள். புதிதாக விலை உயர்ந்த ஸ்கிளீரலை உடனே ஆர்டர் செய்துவிடாதீர்கள்.

செலவைப் பொறுத்தவரை குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பாலிகிளினிக்கில் (அரசு சமூக மருத்துவ நிலையம்) பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், ஆலோசனைக் கட்டணம் குறையும். எங்கே போனாலும் பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: பொருத்தும் கட்டணத்தில் எத்தனை வருகை அடங்கும், எத்தனை முறை இலவசமாக மாற்றிச் செய்வார்கள், ஒத்துவராவிட்டால் எவ்வளவு திரும்பி வரும். லென்ஸின் விலையை மட்டும் ஒப்பிட்டுக் கடை தேர்ந்தெடுத்தவர்கள்தான் பிறகு என்னிடம் இரண்டாவது லென்ஸுக்கு வருகிறார்கள்.