முதுகுத் தண்டில் ஏற்றும் சாய மருந்து: டாக்டர் பதில்கள்

அம்மாவுக்கு வயது 68. பேஸ்மேக்கர் இருப்பதால் எம்ஆர்ஐக்குப் பதில் மைலோகிராம் (தண்டுவட நீரில் சாயம் ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே) எடுக்கச் சொல்கிறார்கள். முதுகில் ஏற்றும் சாய மருந்தால் வலிப்பு வரும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

வரலாம், ஆனால் சரியான மருந்தைச் சரியான அளவில் ஏற்றினால் மிக அபூர்வம். இரத்தத்தில் ஏற்றும் சாயம் மூளைக்குள் எளிதில் புகாது. நடுவே தடுப்பு இருக்கிறது. தண்டுவட நீரில் ஏற்றுவதோ நேரே நரம்பைத் தொடும். டையாட்ரிசோயேட் போன்ற, அயனியாகப் பிரியும் பழைய வகை தவறிப்போய் அங்கே ஏறினால், சில மணி நேரத்துக்குள் கால் தசைகள் துடிக்கும், துடிப்பு மேலேறி முழு வலிப்பாகும். உயிர்கள் போயிருக்கின்றன.

ஆகவே அயனியாகப் பிரியாத அயோஹெக்சால், அயோபமிடால் போன்றவைதான் இதற்கு. அதிலும் செறிவு, அதாவது ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் அயோடின் என்பது, முக்கியம். அயோஹெக்சாலில் 180, 240, 300 ஏற்றலாம். 140, 350 கூடாது. பெரியவர்களுக்கு மொத்த அயோடின் ஏறக்குறைய 3,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 300 செறிவில் அது 10 மில்லிதான். குப்பிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். “லேபிளை இரண்டு பேர் சரிபார்ப்பீர்களா?” என்று தயங்காமல் கேளுங்கள்.

உங்கள் பங்கு, கிளினிக்கில் கொடுத்த மாத்திரை பாக்கெட்டுகள் அத்தனையையும் முன்கூட்டியே எடுத்துப்போய்க் காட்டுவது. முதுகுவலிக்கான டிராமடால், நரம்புவலிக்கான அமிட்ரிப்டிலின், சில மனநல மாத்திரைகள் எல்லாம் வலிப்பு வருவதை எளிதாக்கும். இவ்வகை மாத்திரைகளை 48 மணி நேரம் முன்பே நிறுத்தி, பரிசோதனை முடிந்து 24 மணி நேரம் கழித்துத் தொடங்கச் சொல்வது வழக்கம். நீங்களாக நிறுத்த வேண்டாம். வலிப்புக்கான மாத்திரையை மட்டும் விடவே கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கட்டி நரம்பை நசுக்கிவிடலாம்.

முடிந்ததும் முதல் சில மணி நேரம் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும், சாயம் மூளைப் பக்கம் ஓடாது. தண்ணீர் நிறைய கொடுங்கள். தலைவலி, குமட்டல் ஓரிரு நாளில் அடங்கும். கால் துடிப்பு, பேச்சுக் குழறல், குழப்பம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு என எது வந்தாலும் 999.

இன்னொன்று: எம்ஆர்ஐக்கு ஏற்ற பேஸ்மேக்கர்களும் உண்டு. அம்மாவின் பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டி முதலில் அதைக் கேட்டுவிடுங்கள்.

எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. அயோடின் சாயம் ஆகுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

ஆகும். இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் அல்ல. முன்பு சாய மருந்துக்கே தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் மட்டும் மறைக்காதீர்கள்.