லாக் புத்தகத்தில் இருந்த வழக்கு

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு ஆண்டுகளாகக் கோவையில் வழக்கறிஞராக இருக்கிறேன். நூற்பாலைகளுக்கு மின்சாரம் தரும் ஒரு காற்றாலை நிறுவனம், சட்டம், கம்ப்ளையன்ஸ் (விதிகளின்படி நடக்கிறதா என்று பார்ப்பது) இரண்டுக்கும் தலைமையேற்க அழைத்திருக்கிறது. எனக்குக் கீழே ஐந்து பேர். கோர்ட் பழக்கம், ஆட்களை நடத்திப் பழக்கமில்லை. "கம்ப்ளையன்ஸ் என்றாலே முட்டுக்கட்டை" என்று அங்கே இப்போதே பேச்சு. நீங்கள் இந்த வேலையில் இருந்தவர். எங்கே தொடங்குவது?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஐந்து பேரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உங்கள் துறையில் இல்லாத மற்ற எல்லாரையும் பற்றித்தான் கவலை. மின் நிறுவனத்தில் நாளைய வழக்கை இன்றைக்கு எழுதிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். எழுதுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நிறுவனத்தில் சேர்ந்த முதல் வருடம், சூறைக்காற்றில் எங்கள் லைன் அறுந்து உற்பத்தி பல நாள் நின்றுபோனது. இயற்கைச் சீற்றம் என்றால் ஏழு நாளுக்குள் நோட்டீஸ் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். எனக்குச் செய்தி வந்தது பதினோராம் நாள், அதுவும் கணக்குப் பிரிவு வழியாக. சைட்டுக்குப் போனேன். கன்ட்ரோல் ரூம் மேஜையில், நடப்பதையெல்லாம் நேரத்தோடு குறிக்கும் லாக் புத்தகம். டீ டம்ளர் வைத்த வட்டக்கறைக்குப் பக்கத்தில் நீலப் பேனாவில், "02.40 - பலத்த காற்று - 33 கேவி லைன் ட்ரிப்". நிமிடம் உட்பட எல்லாம் இருந்தது. ஷிஃப்ட் இன்ஜினியர் மூன்று இரவு தூங்காமல் லைனைச் சரிசெய்தவர். "இது உங்களுக்கு வேணும்னு யாருமே சொல்லலையே சார்" என்றார். உண்மைதான், நான் சொல்லவில்லை. ஒப்பந்தம் என் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. மின்சாரம் தராத அந்த நாட்களுக்கு நாங்கள் கேட்ட விலக்கு கிடைக்கவில்லை.

அப்புறம் அரைப்பக்கத் தாள் ஒன்றைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு கன்ட்ரோல் ரூமிலும் லாக் புத்தகத்துக்கு மேலே ஒட்டினோம். லைன் விழுந்தால், யாருக்காவது அடிபட்டால், அதிகாரி எவராவது வந்தால், எந்தக் காகிதத்திலாவது கையெழுத்து கேட்டால், அன்றைக்கே இந்த எண்ணுக்கு போன். அவ்வளவுதான். அடுத்த முறை விடியற்காலை ஐந்து மணிக்கு என் போன் அடித்தது.

உங்கள் நிறுவனத்துக்கு இது இன்னும் பொருந்தும். நூற்பாலைகளுக்குத் தருகிறீர்கள் என்றால் அநேகமாக குரூப் கேப்டிவ் முறையாக இருக்கும், அதாவது மில்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து தங்கள் தேவைக்கு மின்சாரம் எடுப்பது. 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின் 3ஆம் விதிப்படி, பயன்படுத்தும் மில்களின் கையில் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது அவர்களே பயன்படுத்த வேண்டும். தவறினால் அந்த வருடத்து மின்சாரம் முழுவதும் சாதாரண விற்பனையாகிவிடும். மின்வாரியத்தை விட்டு வெளியே மின்சாரம் வாங்குபவர்கள் கட்டும் குறுக்கு மானியக் கட்டணம் மில்களின் தலையில் விழும். நூல் விலை சரிந்து ஒரு மில் ஷிஃப்டைக் குறைப்பது மார்க்கெட்டிங் ஆளுக்கு ஆகஸ்டிலேயே தெரியும். பங்கு கைமாறுவது கம்பெனி செக்ரட்டரிக்குத் தெரியும். ஆண்டுக் கணக்கு முடியும் மார்ச் கடைசியில் உங்களுக்குத் தெரிந்து பயனில்லை. உங்கள் ஐந்து பேரில் ஒருவர் மாதாமாதம் இவர்கள் இருவரோடும் உட்கார்ந்து அந்த இரண்டு எண்களை மட்டும் பார்க்கட்டும்.

பில் பிரிவையும் விடாதீர்கள். சிவில் கோர்ட்டில் காலாவதியாகிவிட்ட பாக்கியை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திலும் கேட்க முடியாது என்று லான்கோ கொண்டபள்ளி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லிவிட்டது. பொதுவாக மூன்று ஆண்டுதான். அதற்குள் நிலுவையை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்து வாங்கினால் காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும். அந்தக் கடிதத்தை வாங்கக்கூடியவர் பில் போடும் குமாஸ்தா, நீங்கள் இல்லை.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதைதான். குஜராத்தின் முந்த்ரா அனல் மின் நிலையங்கள் இந்தோனேசிய நிலக்கரியை நம்பி மின்சாரத்துக்கு விலை குறித்தன. 2010இல் அந்த நாடு ஏற்றுமதி விலையை உலகச் சந்தையோடு கட்டியது, கணக்கு கவிழ்ந்தது. இது இயற்கைச் சீற்றம் போன்ற காரணம் ஆகாது, வெளிநாட்டுச் சட்டம் மாறியது ஒப்பந்தம் சொல்லும் சட்ட மாற்றமும் ஆகாது என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எத்தனை சீனியர் வக்கீல்கள் வாதாடியும், விலை குறித்த அறையில் எடுத்த ரிஸ்க்கை மாற்ற முடியவில்லை. அந்த அறையில் உங்களுக்கு ஒரு நாற்காலி வேண்டும். வேலையில் சேருவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்; சேர்ந்தபிறகு கேட்டால் தரமாட்டார்கள்.

முட்டுக்கட்டை என்ற பேச்சுக்கு ஒன்று சொல்கிறேன். எம்.டி.யிடம் அபராதத்தைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். மின்சாரச் சட்டம் 142ஆம் பிரிவில் ஒரு மீறலுக்கு அதிகபட்சம் 1 லட்சம், தொடர்ந்தால் நாளுக்கு 6,000 ரூபாய். "கட்டிவிடலாம்" என்பார். 51 சதவீதம் தவறினால் எந்தெந்த மில் விலகிப் போகும் என்று பெயரோடு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், உட்கார்ந்து படிப்பார்.

எப்போது சேருகிறீர்கள் என்று எழுதவில்லை. மே மாதத்துக்கு முன்னால் என்றால் முதல் வாரமே சைட்டுக்குப் போய்விடுங்கள், இரண்டு இரவு தங்குங்கள். காற்று சீசன் தொடங்கிவிட்டால் செப்டம்பர் வரை அங்கே யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது.

அன்புடன்.