‘வரலாற்றில் இன்று’ பலகையில் எந்தத் தேதியை எழுதுவது?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் ‘வரலாற்றில் இன்று’ என்று பலகையில் எழுதிப் போடுகிறோம். வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களில் ஒரே சம்பவத்துக்கு இரண்டு தேதி இருக்கிறது. எதை நம்புவது? மதுரைப் பக்கத்துச் சம்பவங்களில் எவற்றைச் சேர்க்கலாம்?

பதில்: இரண்டு தேதி வந்தால் ஒன்று கட்டாயம் தப்பு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள், டீச்சர். பல நேரம் இரண்டுமே சரியாக இருக்கும், சொல்லும் விஷயம்தான் வேறாக இருக்கும். மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24. காளையார்கோவிலில் குருபூஜை நடப்பதோ அக்டோபர் 27. நடந்த நாள் ஒன்று, நினைவுகூரும் நாள் இன்னொன்று. பலகையில் ‘நடந்தது’ என்று எழுதுவதாக இருந்தால் 24ஐப் போடுங்கள். 27ஐ எழுதினால் ‘குருபூஜை நாள்’ என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

அடுத்து நள்ளிரவுச் சிக்கல். தனுஷ்கோடியைப் புயல் அழித்ததும், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் கடலுக்குள் போனதும் 1964 டிசம்பர் 22 இரவிலா, 23 அதிகாலையிலா என்று கேட்பார்கள். ‘22 நள்ளிரவு, 23 விடிவதற்குள்’ என்று எழுதினால் போதும். வெளிநாட்டுச் சம்பவம் என்றால் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தது அமெரிக்கர்களுக்கு 1969 ஜூலை 20 இரவு. அப்போது நம்மூரில் 21ஆம் தேதி காலை எட்டரை மணி. இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே பலகையில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஆர்வமாகச் செய்வார்கள்.

1752க்கு முந்தைய தேதிகளில்தான் அதிகக் கவனம் தேவை. ஆங்கிலேயர் அந்த ஆண்டு வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்திருந்தார்கள், போர்ச்சுக்கீசியரும் இயேசு சபைப் பாதிரிமாரும் 1582லேயே, இப்போது நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள். மதுரை மிஷனைச் சேர்ந்த அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) ஓரியூரில் கொல்லப்பட்டது 1693 பிப்ரவரி 4. அதே நாளைச் சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயக் கணக்கர் ஜனவரி 25 என்று எழுதியிருப்பார். ஆண்டும்கூட 1692 என்றுதான் போட்டிருப்பார், ஏனென்றால் அவர்களுக்கு மார்ச் 25ல்தான் வருஷம் பிறக்கும். நாளும் ஆண்டும் மாறினாலும் சம்பவம் ஒன்றுதான்.

ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கும்போது தமிழ் வருஷப் பெயர் வரும். ‘தாது வருஷப் பஞ்சம்’ என்றால் 1876ல் தொடங்கிய பெரும் பஞ்சம். ஆனால் தாது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும், 1936ம் தாதுதான். கிராமக் கணக்குகளில் பசலி (நிலவரிக் கணக்குக்கான ஆண்டு) இருக்கும். இப்போதைய முறையில் பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால், அந்தப் பசலி எந்த ஆங்கில ஆண்டின் ஜூலை 1ல் தொடங்குகிறது என்பது கிடைக்கும். திருவிழாவை வைத்துச் சொல்லப்படும் சம்பவங்களை மட்டும் ஆங்கிலத் தேதியில் கட்டிப்போடாதீர்கள். அழகர் ஆற்றில் இறங்குவது சித்திரா பௌர்ணமியை ஒட்டி, அது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

சரி, சோதிப்பது எப்படி? கிழமையைப் பாருங்கள். பழைய செய்தியிலோ கடிதத்திலோ தேதியோடு கிழமையும் இருந்தால் நாட்காட்டியில் ஒத்துப்பாருங்கள், பாதித் தப்பு அங்கேயே சிக்கிவிடும். செய்தித்தாளின் தேதி சம்பவத்தின் தேதி அல்ல என்பதையும் மறக்க வேண்டாம், அது மறுநாளோ அதற்கும் அடுத்த நாளோ வந்திருக்கும். மதுரையில் காந்தி அருங்காட்சியக நூலகமும் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்கான பலகை தயாராகிவிடும்.

இனி எவற்றை எழுதலாம் என்று பார்ப்போம். உங்கள் பள்ளி இருக்கும் இடத்துக்கு ஏப்ரல் 3ஐ விடவே கூடாது. 1920ல் அன்றுதான் பெருங்காமநல்லூரில் கைரேகைச் சட்டத்தை எதிர்த்தவர்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். பிறந்த சாதியை வைத்தே ஒரு மக்கள் கூட்டத்தைக் குற்றவாளிகள் என்று பதிவு செய்த சட்டம் அது. உங்கள் வகுப்பில் இருக்கும் பல பிள்ளைகளின் கொள்ளுத்தாத்தாக்கள் அந்தப் பதிவேட்டில் விரல் பதித்தவர்களாக இருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் எழுதி நிறுத்தாமல், ஏன் எதிர்த்தார்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

ஜூலை 8ஐயும் அதே அக்கறையோடு எழுதுங்கள். 1939ல் அன்று, ஒரு சனிக்கிழமை, வைத்தியநாத ஐயர் கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோவிலுக்குள் போனார். அதுவரை சாதியைச் சொல்லி வாசலோடு நிறுத்தப்பட்டவர்கள் அம்மன் சந்நிதியில் நின்றார்கள். பலரும் சட்டம் வந்தபின் நுழைந்தார்கள் என்று எழுதுகிறார்கள். வரிசை தலைகீழ்: முதலில் நுழைந்தார்கள், அதற்குச் சட்டப் பாதுகாப்பு பின்னால்தான் வந்தது. இந்த வரிசையைப் பிள்ளைகள் சரியாகத் தெரிந்துகொள்வது முக்கியம்.

செப்டம்பர் 22 எல்லோருக்கும் தெரிந்தது: 1921ல் மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி, அன்று முதல் நான்கு முழ வேட்டிக்கு மாறினார். கதர் வாங்க வசதியில்லை என்று ஏழைகள் சொன்னது அவரை உறுத்தியிருந்தது. செப்டம்பர் 14க்கு 1901ல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கிய மதுரைத் தமிழ்ச் சங்கம், ஜனவரி 21க்கு 1959ல் காமராஜர் திறந்த வைகை அணை, ஜூலை 24க்கு 2004ல் தொடங்கிய உயர் நீதிமன்றக் கிளை. இவற்றுக்கு ஆளுக்கொரு வரி போதும்.

நாள் உறுதியாகக் கிடைக்காத சம்பவங்களுக்குப் பலகையின் ஓரத்தில் ‘இந்த மாதத்தில்’ என்று தனியாக ஒரு கட்டம் போடுங்கள். மாதமும் தெரியாவிட்டால் ‘இந்த ஆண்டில்’ என்று எழுதி, எந்த ஆவணத்தில் பார்த்தீர்கள் என்பதைக் கீழே குறித்துவையுங்கள். அடுத்த வருஷம் அதே பலகையை எழுதப்போகும் மாணவருக்கு அது உதவும்.