அம்மா இருந்த சீற், வேறொருவரின் இலக்கம்

நல்லூரிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். கடிதம் மூன்று பக்கம். சாரம் இதுதான்:

"அம்மாவுக்கு 67 வயது. கனடா விசாவுக்குக் கைரேகை வைக்கக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. நல்லூர்த் திருவிழா முடிந்து சனம் திரும்புகிற நேரம், ரயில் ஸ்ரேசனில் முற்பதிவு சீற் ஒன்றும் இல்லை. ஒரு கொமினிகேசன் கடையில் எடுத்துத் தருவதாகச் சொல்லி அம்மாவின் அடையாள அட்டையைப் படம் எடுத்தார்கள். 6,500 ரூபாய் அவர்களுடைய வங்கிக் கணக்குக்குப் போட்டேன். பயணத்துக்கு முதல் நாள் இரவு வட்ஸ்அப்பில் ரிக்கற் வந்தது. அதில் அச்சிட்டிருந்த விலை நான் கொடுத்ததில் பாதிகூட இல்லை. அடையாள அட்டை இலக்கமும் அம்மாவுடையதில்லை. கேட்டதற்கு, 'அதொண்டும் பாக்கமாட்டினம், பயப்பிடாமப் போகச் சொல்லுங்கோ' என்று குரல்பதிவு அனுப்பினார்கள். அநுராதபுரம் கழிந்ததும் பரிசோதகர் வந்து இலக்கத்தையும் அட்டையையும் ஒத்துப் பார்த்தார். ரிக்கற் இல்லாமல் வந்தவர் என்று கணக்கெடுத்து, 3,000 ரூபாய் தண்டத்தோடு கட்டணத்தின் இரு மடங்கையும் அறவிட்டு, சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். 'எல்லாருக்கும் முன்னாலை கள்ளி மாதிரி எழும்பி நிண்டன் பிள்ளை' என்று அம்மா இப்போதும் சொல்லி அழுகிறா. இது நடந்து ஆறு கிழமை. கடைக்காரர் காசைத் திருப்பித் தர மறுக்கிறார். பரிசோதகர் மேல் வழக்குப் போடலாமா? அந்தத் தாளால் விசாவுக்குப் பிரச்சினை வருமா?"

பரிசோதகரை விட்டுவிடுங்கள். கோபம் அவர்மேல்தான் முதலில் வரும், எனக்கு விளங்குகிறது. ஆனால் 2024 நவம்பர் 1 முதல் ஆசனம் முற்பதிவு செய்யும்போது அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம் கொடுப்பது கட்டாயம். எல்ல பக்கம் போகும் மலைநாட்டு ரயில்களின் ரிக்கற்றுகளை மொத்தமாக வளைத்துப் போட்டுப் பல மடங்கு விலைக்கு விற்றவர்களால் வந்த விதி அது. கொண்டுவந்த பிறகு பார்க்காமல் விட முடியாது. உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது: அம்மாவை வழியில் மாகோ ஸ்ரேசனில் இறக்கிவிடாமல், அதே சீற்றில் கொழும்புக் கோட்டை ஸ்ரேசன் வரைக்கும் இருக்க விட்டிருக்கிறார். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உயர்நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுக் கொண்டுபோக ஒரு மாதம்தான் தவணை, அதுவும் கடந்துவிட்டது. கடக்காமல் இருந்தாலும் இந்த விஷயத்துக்கு நான் போகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் சொல்லுங்கள். பரிசோதகர் கேட்டபோது "ஓம், இது என்ரை நம்பர்தான்" என்று பொய் சொல்லாமல் தன் அட்டையை எடுத்து நீட்டினாவே, அதுதான் அவவைக் காப்பாற்றியது. இன்னொருவராக நடித்து ஏமாற்றுவது தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவில் வரும் விஷயம். அங்கே போயிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இனிக் கடைக்காரர். உங்கள் வழக்கு இங்கேதான் இருக்கிறது.

ஏமாற்றுதல் என்றால் என்ன என்று அதே கோவையின் 398ஆம் பிரிவு சொல்கிறது. ஒருவரை ஏய்த்து, நேர்மையற்ற முறையில் அவர் கையிலிருந்து பொருளோ காசோ வாங்குவது. அப்படி வாங்கியதற்குத் தண்டனை 403ஆம் பிரிவில், ஏழு ஆண்டு வரை. 6,500 ரூபாய்க்காக யாரும் ஏழு ஆண்டு உள்ளே போகப் போவதில்லை. ஆனாலும் முறைப்பாட்டில் அந்தப் பிரிவின் இலக்கம் இருந்தால் எதிர்ப்பக்கம் பேசுகிற தொனி மாறும் என்பது என் அனுபவம்.

கடைக்காரர் என்ன சொல்வார் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். "இலக்கம் வேறென்று தெரிந்துதானே ஏறினவ? இப்ப என்னைக் குறை சொல்லி என்ன?" என்பார். பாதி சரியான பேச்சு. அதனால்தான் நேர ஒழுங்கு முக்கியம். அடையாள அட்டையைப் படம் எடுத்தது முதலில். அட்டையைக் கேட்டவர் அந்த இலக்கத்தில்தான் ரிக்கற் எடுக்கப் போகிறார் என்றுதானே எவரும் நினைப்பார்? அதை நம்பித்தான் காசு போட்டீர்கள். இலக்கம் வேறென்று தெரிந்தது அதற்குப் பிறகு, பயணத்துக்கு முதல் இரவு. ஏமாற்றப்பட்டீர்களா என்று பார்ப்பது காசு கைமாறிய நேரத்தில் நீங்கள் என்ன நம்பினீர்கள் என்பதை வைத்து. பிறகு என்ன தெரியவந்தது என்பது வேறு கணக்கு.

அந்த வேறு கணக்கு தண்டப் பணத்தில் வந்து விழும். 6,500 ரூபாயைத் திருப்பிக் கேட்பது உறுதியான கோரிக்கை. தண்டமாகக் கட்டியதைக் கேட்பது அவ்வளவு உறுதியில்லை. தெரிந்தும் ஏறினீர்கள் என்ற வாதம் அங்கே கொஞ்சம் எடுபடும். முழுவதையும் கேளுங்கள், ஆனால் பேச்சுவார்த்தையில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சாட்சியம் முழுக்க உங்கள் போனில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணு கொடுக்கல்வாங்கல் சட்டத்தின் கீழ் இப்படியான பதிவுகளை நீதிமன்றில் முன்வைக்கலாம். ஸ்கிறீன்சொட் எடுத்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். குரல்பதிவு வந்த போனையே மாற்றாமல், அழிக்காமல் வைத்திருங்கள். வங்கிப் பற்றுச்சீட்டை இரண்டு பிரதி எடுங்கள். வங்கிச் சீட்டு மை மங்கிவிடும். மூன்று மாதத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிப் போனதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தவர்கள் உண்டு.

மூன்று மாதம் என்றதும் அடுத்தது ஞாபகம் வருகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிட, சேவை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் இருக்கிறது. உங்களுக்கு ஆறு கிழமை போய்விட்டது. எழுத்தில் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம், ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள்.

பொலிஸுக்கும் போங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், வாசித்துப் பார்த்த பிறகு மட்டும் கையெழுத்து வையுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவின் அட்டைப் படம் கடைக்காரரிடம் இருக்கிறது என்பதையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். ஏனென்றால் அம்மா வேறொருவரின் இலக்கத்தில் போன மாதிரி, நாளைக்கு இன்னொருவர் அம்மாவின் இலக்கத்தில் போகலாம். இந்த வியாபாரம் நடக்கிற விதம் அப்படி. முற்பதிவு திறந்தவுடன் கையிலிருக்கும் இலக்கங்களில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு ஆள் தேடுவார்கள்.

இந்த அளவு காசுப் பிணக்கைப் பொலிஸார் பெரும்பாலும் மத்தியஸ்த சபைக்குத்தான் அனுப்பப் பார்ப்பார்கள். அதைத் தட்டிக்கழிப்பாக எடுக்காதீர்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இப்படியான சிறு தொகை வழக்கை அங்கே போகாமல் நேரே நீதிமன்றுக்குக் கொண்டுபோகவும் முடியாது. வார இறுதியில், பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட வாங்கில் இருந்து பேசுகிற சபை. சட்டத்தரணி உங்களுக்காக அங்கே பேச முடியாது. என் தொழிலுக்கு நட்டம், உங்களுக்கு லாபம். ஊரில் மதிக்கிற ஆட்கள் முன்னால் அந்தக் குரல்பதிவை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். கடை நடத்துகிற மனிதர், அடுத்த திருவிழாவுக்கும் அதே சனத்துக்குத்தான் வியாபாரம் செய்ய வேண்டும்.

அப்புறம், அந்தச் சிங்களத் தாள். நீங்கள் அனுப்பிய படத்தைச் சிங்களம் தெரிந்த என் கனிஷ்ட சட்டத்தரணியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். சீற் இலக்கம், ஏறிய இடம், இறங்கும் இடம், கட்டணம், தண்டம், மொத்தம். அவ்வளவுதான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு சொல்லும் இல்லை. நீதிமன்றம் எதுவும் அம்மாவைக் குற்றவாளியாகக் காணவில்லை. காசு கட்டி அந்த இடத்திலேயே முடிந்த விஷயம். விசாப் படிவத்தில் குற்றத் தீர்ப்பு ஏதும் உண்டா என்று கேட்டால் இல்லை என்று எழுதலாம், அதில் பொய் இல்லை.

ஆனாலும் விளங்காத தாளில் கையெழுத்து வைத்த பயம் நியாயமானது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரலில். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டமும் அதே ஆண்டுதான். அந்தச் சட்டம் போய், தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் எழுதியது 1987இல். 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள அநுராதபுரத்திலும் ஓர் அரச அதிகாரியோடு தமிழில் அலுவல் பார்க்க அம்மாவுக்கு உரிமை உண்டு. தாளைத் தமிழில் தாருங்கள், அல்லது வாசித்து விளக்குங்கள் என்று கேட்டிருக்கலாம். இனி மற்றவர்களுக்காவது உதவட்டும் என்று நினைத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். கட்டாயமில்லை.

அடுத்த மாதம் மறுபடி போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணம் ஸ்ரேசன் கவுண்டரில் அம்மாவின் இலக்கத்திலேயே எடுங்கள், போட்டோப் பிரதியை நம்பாமல் அட்டையையே கொடுத்துவிடுங்கள். சீற் இல்லையென்றால் இரவு பஸ் இருக்கிறது. இதோடு அந்தத் தாளின் தமிழாக்கத்தையும் அனுப்பியிருக்கிறேன். ஆறு வரிதான், இன்றிரவே அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.