கரையைக் காக்கும் சிப்பிப் பார்: கேள்வி பதில்

வங்கதேசத்தின் குதுப்தியா தீவில் சிப்பிகளை வைத்துக் கரையரிப்பைக் குறைத்ததைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. என் துறை கழிமுகச் சிப்பியும் சேற்றுக்கரையும். அதற்குள் வருவதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

சின்னச் சிப்பி அலையை எப்படித் தடுக்கும்? (கடலூர்)

ஒற்றைச் சிப்பி தடுக்காது. சிப்பிமேல் சிப்பி ஒட்டிப் பாறைபோல இறுகிய திட்டு, அதாவது பார்தான் தடுக்கிறது. சிப்பிக்குஞ்சு முதல் இரண்டு, மூன்று வாரம் தண்ணீரில் மிதந்து திரியும். பிறகு கெட்டியான இடமாகத் தேடி, தன் காலால் தடவிப் பார்த்து, சிமெண்ட் போன்ற ஒன்றைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆயுளுக்கும் அங்கேதான். அது அதிகம் விரும்பும் இடம் இன்னொரு சிப்பியின் ஓடு. பார் உயர்வது அதனால்தான்.

குதுப்தியாவில் அரித்துப்போகும் சேற்றுக்கரையில், கிணற்று உறை மாதிரியான கான்கிரீட் வளையங்களை வரிசையாக இறக்கினார்கள். குஞ்சுகள் தாமாக வந்து ஒட்டின. 2019-ல் ஆய்வு வெளியானது. பார் இருந்த இடத்தில் தண்ணீரின் ஆழம் அரை மீட்டருக்குக் குறைவாக இருந்தபோது அலை முழுக்க நின்றது. அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை அலையின் வலு குறைந்தது. பாருக்குப் பின்னால் 29 செ.மீ. களிமண் படிந்தது, உவர்நிலப் புல் கடல் பக்கமாக முன்னேறியது. அங்கே அலையின் உயரமே அரை மீட்டருக்குள்தான். தயவுசெய்து இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பகிராதீர்கள்.

புயலைத் தடுக்குமா? (நாகப்பட்டினம்)

தடுக்காது. புயலில் கடல்மட்டம் ஏறும்போது அலை பாருக்கு மேலேயே போய்விடும். இது அன்றாட அரிப்புக்கான வேலை.

முத்து கிடைக்குமா? (மதுரை)

கிடைக்காது. முத்துச்சிப்பி வேறு இனம். முத்து வளர்ப்புக்கு, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தைக் கேளுங்கள்.

எங்கள் கடற்கரையில் வைக்கலாமா? (திருவொற்றியூர்)

வேண்டாம் அக்கா. உங்கள் கரையில் மணல் வரத்தே தடைபட்டிருக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைச் சென்னைத் துறைமுகம் மறித்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கரை கரைந்தது. வராத மணலைச் சிப்பி கொண்டுவராது. அந்த அலையில் குஞ்சு பிழைப்பதும் கடினம். பழவேற்காடு, எண்ணூர், முட்டுக்காடு போன்ற கழிமுகங்களின் உட்பகுதி வேறு. அங்கே சிப்பி இயற்கையாகவே உண்டு.

கல் கொட்டினால் உடனே பலன். சிப்பியை நம்பிக் கரையை இழப்பதா? (ஓய்வுபெற்ற பொறியாளர், சென்னை)

திறந்த கடலில் கல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன் ஐயா. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், 2012 சாண்டி புயலுக்குப் பிறகு திட்டமிட்டு 2024-ல் முடித்த அலைத்தடுப்புகள்கூடக் கல்லும் கான்கிரீட்டும்தான். சிப்பியை அதன்மேல் குடியேற்றுகிறார்கள். ஆனால் கழிமுகச் சேற்றில் சுவர் எழுப்பினால், மோதித் திரும்பும் அலை சுவரின் அடியையே பறிக்கும். சேற்றுத்திட்டு போகும், இறாலும் நண்டும் போகும். கல் வைத்த உயரத்தில் நிற்கும். உயிருள்ள பார் கடல்மட்டத்தோடு சேர்ந்து உயர முடியும்.

உங்கள் உறையும் சேற்றில் புதையுமே? (அதே பொறியாளர்)

புதையும். சரியான இடத்தில் கை வைத்தீர்கள். புதைந்த உறையைத் தூக்கிப் பார்த்தால் கீழ்ப்பாதி கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அங்கிருக்கும் சிப்பி எல்லாம் வாய் பிளந்த வெறும் ஓடு, தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். மேல்வளையத்தில் மட்டும் உயிர்ச்சிப்பி, புது ஓட்டின் விளிம்பு பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். அதனால்தான் இடத்தேர்வு முக்கியம் என்று மன்றாடுகிறேன். இளஞ்சேற்றில் எதை வைத்தாலும் அமிழும், உங்கள் கல்லும்தான்.

கல் கொட்டிய பிறகு எங்களுக்குப் படகு ஏற்ற இடமில்லை. இதையும் எழுதுங்கள். (மீனவர், கன்னியாகுமரி மாவட்டம்)

எழுதிவிட்டேன் அண்ணா. சிப்பிப் பாருக்கும் இது பொருந்தும். படகு போகும் வழியைக் கேட்காமல் வைத்தால் வலையும் காலும் கிழியும். பொறியாளர் ஐயாவும் இதைப் படிக்க வேண்டும்.

சுனாமியைத் தடுக்குமா? சூறாவளியைத் தடுக்குமா? (பலர்)

புயலுக்குச் சொன்ன பதிலே.

ஹோட்டலில் மிஞ்சும் சிப்பி ஓடுகளைக் கொண்டுபோய்க் கொட்டலாமா? (புதுச்சேரி)

கூடாது. மாதக்கணக்கில் வெயிலில் காயாத ஓட்டோடு நோயும் பிற உயிரும் பயணிக்கும். வேற்றிடச் சிப்பியைக் கொண்டுவருவது அதைவிட ஆபத்து. நெதர்லாந்தில் 1964-ல் வளர்ப்புக்கென்று இறக்கிய பசிபிக் சிப்பி, பிறகு கட்டுக்கடங்காமல் பரவியது.

பாரிலிருந்து எடுத்துச் சாப்பிடலாமா? (மூன்று பேர்)

சாக்கடையும் ஆலைக்கழிவும் கலக்கும் இடத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள். தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர், அழுக்கைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். நியூயார்க் துறைமுகத்தின் கடைசிச் சிப்பிப் படுகை 1927-ல் மூடப்பட்டது. அங்கே இன்று வளர்க்கும் சிப்பியையும் உண்ணக்கூடாது.

கல்லூரியில் சிறிதாகத் தொடங்க ஆசை. எப்படி? (பழவேற்காடு)

உறை வாங்காதே தம்பி. சுண்ணாம்பு பூசிய கூரை ஓடுகளை, ஏற்றத்தில் மூழ்கி வற்றத்தில் வெளிப்படும் உயரத்தில் பல இடங்களில் கட்டு. உள்ளூர் மீனவர்களைக் கேட்டு இடம் தேர்ந்தெடு. மழைக்காலத்தையும் சேர்த்து ஒரு வருடம் உப்புத்தன்மையைக் குறித்துவை, வெள்ளம் வந்தால் நன்னீரில் சிப்பி செத்துப்போகும். ஓட்டில் மிளகளவு குஞ்சுகள் ஒட்டி, மழை தாண்டியும் உயிரோடிருந்தால் எனக்கு எழுது. ஒட்டவே இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிடு.